ரூம்மேட்டின் லேப்டாப்பும் என் போனும் திருடு போய்விட்டன. மிச்சம் இருப்பதையாவது எங்கே, எப்படிப் பதிவு செய்து வைப்பது?

வேளச்சேரி_தாமிரா கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் நடந்ததைச் சொல்லிவிட்டுக் கேள்விக்கு வருகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்னை வேளச்சேரியில் ஒரு பெண்கள் பிஜியில் நாலு பேர் ஒரே அறையில் இருக்கிறோம். செவ்வாய்க்கிழமை விடியற்காலை ஐந்தரை மணி இருக்கும். ஒருத்தி குளிக்கப் போனாள், இன்னொருத்தி மாடியில் காயப்போட்ட துணியை எடுக்கப் போனாள், கதவைத் தாழ் போடாமல் சும்மா சாத்தியிருந்தோம், நானும் மற்றவளும் நல்ல தூக்கம். பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. ரூம்மேட்டின் லேப்டாப் சார்ஜரோடு காணோம். என் தலைமாட்டில் சார்ஜில் கிடந்த போனும் காணோம்.

ஸ்டேஷனில் எழுத்தர் பொறுமையாகத்தான் பேசினார். ஆனால் அவர் கேட்ட முதல் கேள்விக்கே எங்களிடம் பதில் இல்லை. "லேப்டாப் சீரியல் நம்பர் என்னம்மா?" கறுப்பு கலர், பெரிய ஸ்கிரீன், மூடியில் பூனை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், இவ்வளவுதான் அவளால் சொல்ல முடிந்தது. அட்டைப்பெட்டியை ரூம் மாறும்போதே பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டாள். பில் ஊரில் அவள் அப்பாவிடம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். "நாளைக்கே ஒருத்தனைப் பிடித்து அவனிடம் இருபது லேப்டாப் எடுத்தாலும், ஸ்டிக்கரைப் பிய்த்துப் போட்டிருந்தால் எது உங்களுடையது என்று எப்படிச் சொல்வது?" என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

வண்டிக்கு ஆர்சி இருக்கிற மாதிரி மற்ற பொருளுக்கும் அரசாங்கத்தில் எங்காவது பதிவு செய்து வைக்க வழி இருக்கிறதா? என்னிடம் மிச்சம் இருப்பது ஒரு டேப், ஆபீஸ் லேப்டாப், ரயில்வே ஸ்டேஷன் வரை ஓட்டிப் போகிற தம்பியின் கியர் சைக்கிள், அம்மா போட்டுவிட்ட ரெண்டு சவரன் சங்கிலி. போனை இனிமேல் ஏதாவது செய்ய முடியுமா என்பதையும் சொல்லுங்கள்.


திருச்சி_மொபைல்டாக்டர்:

தங்கச்சி, முதலில் போனைப் பார்ப்போம், அதில் நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஐஎம்இஐ எண், அதாவது ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண், இல்லை என்று கையை விரித்துவிடாதீர்கள். உங்கள் கூகுள் கணக்கை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து, தொலைந்த சாதனத்தைத் தேடும் பக்கத்துக்குப் போய், போனின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் 'ஐ' குறியைத் தொட்டால் ஐஎம்இஐ அங்கேயே தெரியும். ஐபோன் என்றால் ஆப்பிள் கணக்கில் சாதனங்கள் பட்டியலில் இருக்கும். ஆன்லைனில் வாங்கியிருந்தால் மெயிலுக்கு வந்த பில்லிலும் பெரும்பாலும் அச்சடித்திருப்பார்கள்.

அது கிடைத்ததும் மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சிஇஐஆர் தளம், அதாவது 'சஞ்சார் சாத்தி' இணையதளத்திலோ ஆப்பிலோ போய்த் தடை செய்யச் சொல்லி விண்ணப்பியுங்கள். 2023 மே மாதத்திலிருந்து நாடு முழுவதும் இது நடப்பில் இருக்கிறது. போலீஸ் புகார் நகல், புகார் எண், தொலைந்த இடம், தேதி, உங்கள் அடையாள அட்டை எல்லாம் கேட்கும். இங்கேதான் நிறைய பேர் தடுக்கி விழுகிறார்கள்: ஓடிபி உங்கள் பழைய நம்பருக்கு வர வேண்டும், அதனால் முதலில் அதே நம்பருக்கு டூப்ளிகேட் சிம் வாங்க வேண்டும். புது சிம்மில் முதல் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது என்பதால் இன்றைக்கே போய் சிம் வாங்கிவிடுங்கள்.

தடை விழுந்தபின் அந்தப் போனில் எந்தக் கம்பெனி சிம்மைப் போட்டாலும் வேலை செய்யாது. போனை அழித்துப் புதிதாக்கினாலும் ஐஎம்இஐ மாறாது. யாராவது சிம் போட்டுப் பார்த்தால் தகவல் போலீசுக்குப் போகும். கிடைத்தபின் அதே தளத்தில் தடையை நீக்கச் சொல்லிக் கேட்க வேண்டும், அதை மறந்துவிட்டு "போன் கெட்டுப்போச்சு" என்று என் கடைக்கு வந்தவர்கள் உண்டு. அதனால் விண்ணப்ப எண்ணைப் பத்திரமாக எழுதி வையுங்கள். டேப்பில் சிம் போடும் வசதி இருந்தால் அதற்கும் ஐஎம்இஐ உண்டு. *#06# அடித்துப் பாருங்கள், வராவிட்டால் செட்டிங்ஸில் இருக்கும்.

இன்னொன்று, இது எல்லாருக்கும். பழைய போன் வாங்குமுன் கேஒய்எம் என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, 15 இலக்க ஐஎம்இஐயைச் சேர்த்து 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். தடை செய்யப்பட்ட போனா என்று தெரிந்துவிடும். பதினோரு வருஷமாக சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன், பில் இல்லாத போனை நான் தொடுவதே இல்லை. திருடுகிறவன் தனக்கு வைத்துக்கொள்ளத் திருடுவதில்லை, விற்கத்தான் திருடுகிறான். வாங்குகிற நாம் ஒவ்வொருவரும் நம்பரைப் பார்த்து வாங்கினால் அவனுக்கு விற்க இடம் இருக்காது. ஐஎம்இஐயை மாற்றிக் கொடுக்கிற ஆட்களும் இருக்கிறார்கள், 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டப்படி அதற்கு மூன்று வருஷம் வரை சிறை உண்டு.


வழக்காடி:

சகோதரி கேட்ட முக்கியமான கேள்விக்கு நேரடியாகப் பதில்: லேப்டாப், சைக்கிள், நகை இவற்றுக்கெல்லாம் உரிமையாளர் பெயரைப் பதிவு செய்து வைக்கும் அரசுப் பதிவேடு நம் நாட்டில் கிடையாது. வண்டிக்கு ஆர்சி உண்டு, போனுக்கு சிஇஐஆர் உண்டு, அதுவும் தொலைந்தபிறகு தடை செய்யத்தானே தவிர முன்கூட்டியே உங்கள் பெயரை எழுதி வைக்க அல்ல. ஆகவே பதிவேடு நீங்களே வைத்துக்கொள்வதுதான். அதற்கு நீதிமன்றத்தில் என்ன மதிப்பு என்பதைச் சொல்கிறேன், ஏனென்றால் பொருள் கிடைத்துவிட்டாலே கைக்கு வந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள்.

போலீஸ் மீட்ட பொருள் படிவம் 95 என்கிற தாளோடு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கிருந்து நீங்கள் மனுப் போட்டுத்தான் வாங்க வேண்டும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸில் 497, 503 பிரிவுகள், பழைய சட்டத்தில் 451, 457. அந்த மனுவில் "இது என்னுடையது" என்பதற்கு ஆதாரம் வைக்க வேண்டும். பில்லும் சீரியல் நம்பரும் எஃப்ஐஆரில் எழுதியதோடு பொருந்தினால் வேலை சுலபமாக முடியும். வழக்கு முடியும்வரை பொருள் நீதிமன்ற அறையில் கிடக்க வேண்டும் என்பதில்லை. போட்டோ எடுத்து, விவரம் குறித்துக்கொண்டு சீக்கிரம் கொடுத்துவிட வேண்டும் என்று 2002இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 497ஆம் பிரிவு இப்போது காலக்கெடுவே வைத்திருக்கிறது: பொருள் வந்த 14 நாளில் விவரப் பட்டியல் தயாரித்து, படமும் எடுத்து, அடுத்த 30 நாளில் என்ன செய்வதென்று உத்தரவு.

உரிமையாளர் யாரென்று தெரியாவிட்டால் என்ன ஆகும்? நீதிமன்றம் அறிவிப்பு வெளியிட்டு ஆறு மாதம் காத்திருக்கலாம். யாரும் வந்து நிரூபிக்கவில்லையென்றால் பொருள் அரசுக்குப் போய்விடும். நான் போய்வரும் நீதிமன்றங்களில் துருப்பிடித்து நிற்கும் சைக்கிள்களையும் பைக்குகளையும் பார்க்கும்போதெல்லாம், ஒவ்வொன்றுக்கும் எங்கோ ஒரு வீட்டில் ஒருவர் தேடித் தேடி ஓய்ந்திருப்பாரே என்று தோன்றும். கண்டுபிடிக்கப்பட்ட பிறகும் வீடு வந்து சேராத பொருட்கள் அவை.

உங்கள் புகாருக்கு சிஎஸ்ஆர் ரசீது மட்டும் கொடுத்தார்களா, எஃப்ஐஆர் போட்டார்களா என்று பாருங்கள். சிஎஸ்ஆர் என்பது மனு வந்தது என்பதற்கான ரசீது, அவ்வளவுதான். திருட்டுக்கு எஃப்ஐஆர் வேண்டும், புதிய தண்டனைச் சட்டமான பிஎன்எஸ்ஸில் 303ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம், எல்லை எங்களுடையதில்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. மின்னணு முறையிலும் அனுப்பலாம், மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட்டால் போதும். சீரியல் நம்பர் பின்னால் கிடைத்தால் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள், விசாரணை அதிகாரி கோப்பில் சேர்க்கச் சொல்லி உங்கள் நகலில் முத்திரை வாங்கி வையுங்கள்.


பல்லடம்_தோட்டத்துக்காரர்:

நான் கம்ப்யூட்டர் ஆள் இல்லைங்க, விவசாயி. ஆனால் இந்த விஷயத்தில் அடிபட்டவன், அதனால் எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் கிணற்று மோட்டாரும் கேபிளும்தான் களவு போகும். கேபிளுக்கு நம்பர் போட்டும் பிரயோசனம் இல்லைங்க, ராத்திரியே வெட்டி எடுத்துப்போய்த் தோலை எரித்து உள்ளே இருக்கும் செம்பை மட்டும் பழைய இரும்புக்கடையில் எடைக்குப் போட்டுவிடுவார்கள். காலையில் தோட்டத்தில் சாம்பல்தான் கிடக்கும். பயிர் தண்ணீருக்குக் காய்ந்துகொண்டிருக்க, நாம் கேபிள் விலையைக் கேட்டு நிற்க வேண்டும்.

ஆனால் மோட்டார் அப்படியில்லை. முதல் மோட்டார் போனபிறகு, புது மோட்டார் இறக்குவதற்கு முன்னால் லேத் பட்டறையில் கொடுத்து என் இனிஷியல், ஊர்ப் பேர், கரண்ட் சர்வீஸ் நம்பர் மூன்றையும் மேல்பக்கத்தில் வெல்டிங் ராடாலேயே எழுதச் சொன்னேன். நாலு விரற்கடை எழுத்து, தூரத்திலிருந்தே தெரியும். மூன்று வருஷம் கழித்துப் பக்கத்துத் தோட்டம் ரெண்டிலும் மோட்டார் போனது, என்னுடையதைக் கழற்றி மேலே தூக்கி, வரப்பிலேயே போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். எழுத்தைப் பார்த்துத்தான் விட்டார்களா, கனம் தாங்காமல் விட்டார்களா, எனக்குத் தெரியாது. எழுத்துதான் காப்பாற்றியது என்று என் சம்சாரம் சொல்கிறாள். அதிலிருந்து எங்கள் ஊரில் பாதிப்பேர் வெல்டிங்கில் எழுதித்தான் இறக்குகிறார்கள். தகட்டில் இருக்கும் மோட்டார் நம்பரையும் போட்டோ எடுத்து வையுங்கள், தகட்டைப் பிடுங்கிவிடுவார்கள், அதனால் எழுத்து உடம்பிலேயே இருக்க வேண்டும்.


பாத்திரக்கடை_மகன்:

தோட்டத்துக்காரர் அண்ணா சொன்னதைப் படித்ததும் எனக்குச் சொல்ல நிறைய வந்துவிட்டது.

கும்பகோணத்தில் எங்களுக்குப் பாத்திரக்கடை. கடை வாசலில் பேர் வெட்டுகிற மெஷினோடு உட்கார்ந்திருப்பவரை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். குடம், தூக்கு, தாம்பாளம் எது வாங்கினாலும் இனிஷியலோடு பேர் வெட்டி, கல்யாணச் சீர் என்றால் தேதியும் வெட்டிக் கொடுப்போம். எதற்கு? விசேஷ வீட்டில் பத்து வீட்டுப் பாத்திரம் ஒன்றாகக் கலந்து கிடந்தாலும் பிரித்து எடுத்துக்கொள்ளலாம், வேலை முடிந்து அது அதன் வீட்டுக்குத் திரும்பிப் போகும். பேர் வெட்டிய பாத்திரத்தை யாராவது விற்க வந்தால் எடைக்கு எடுப்பதற்கு முன் என் அப்பா இரண்டு கேள்வி கேட்பார். துணியில் சேராங்கொட்டை மையால் சலவைக்காரர் போட்ட குறியும் இதே வேலையைத்தான் செய்தது. ஆயிரம் வேட்டியில் நம் வேட்டி நம் வீட்டுக்கே வரும். தாத்தா காலத்தில் சைக்கிளுக்கு முனிசிபாலிட்டியில் வரி கட்டி வில்லை வாங்கி மாட்டியிருக்கிறார், அந்த வில்லை இன்னும் எங்கள் பூஜை அலமாரியில் கிடக்கிறது. நம் வீட்டுப் பழக்கம்தான் இது, நடுவில் விட்டுவிட்டோம். அறுபதாயிரம் ரூபாய் லேப்டாப்பில் வெட்டாத பேரை அறுநூறு ரூபாய்த் தூக்கில் வெட்டி வைத்திருக்கிறோம்.

அந்த மெஷினாலேயே லேப்டாப்பின் அடிப்பக்கம் பேரும் ஊரும் வெட்டலாம். கல்லூரிப் பசங்க கால்குலேட்டரையும் லேப்டாப்பையும் கொண்டுவந்து வெட்டிக்கொண்டு போகிறார்கள். போன் நம்பர் வெட்டாதீர்கள், நம்பர் மாறிவிடும். பேரும் ஊரும் போதும்.


ஈஸ்ட்ஹாம்_ஈழத்தவன்:

நான் இருப்பது லண்டன், அதனால் இங்கே எப்படி என்று சொல்கிறேன், அங்கே இல்லாததற்கு இது ஒரு மாதிரியாக இருக்கட்டும்.

இங்கே 'இம்மொபிலைஸ்' என்று ஒரு இலவசப் பதிவேடு இருக்கிறது. போன், லேப்டாப், கமெரா, நகை, வாத்தியம் எது என்றாலும் சீரியல் நம்பரோடும் படத்தோடும் உங்கள் பெயரில் பதிந்து வைக்கலாம். களவு போனால் உள்ளே போய் ஒரு குறி மாற்றினால் போதும். பொலிஸார் சந்தேகத்துக்கிடமான சாமானைப் பிடிக்கும்போது தங்களுடைய தேடுதளத்தில் நம்பரைப் போட்டுப் பார்த்தால் உரியவர் யாரென்று வரும். சைக்கிளுக்கு 'பைக்ரெஜிஸ்டர்' தனியாக இருக்கிறது, பிரேம் நம்பரைக் கொண்டு பதிவது. என்னுடைய சைக்கிள் ரயில் நிலையத்தடியில் களவு போய், ஐந்து மாதம் கழித்து வேறொரு வழக்கில் பிடித்த சைக்கிள்களோடு கிடந்தது. நம்பரைத் தட்டிப் பார்த்து அவர்களே எனக்கு அறிவித்தார்கள். பதியாமல் விட்டிருந்தால் நான் அதைத் தேடி அந்தப் பக்கம் போயே இருக்க மாட்டேன்.

இந்த யோசனை புதிதில்லை. 1963இல் கலிபோர்னியாவில் மான்ட்டெரி பார்க் என்ற ஊரில்தான் பொலிஸார் பொறிக்கும் கருவியை மக்களுக்கு இரவல் கொடுத்து, வீட்டுச் சாமான்களில் எண் பொறிக்கச் சொல்லித் தொடங்கினார்கள். இங்கே வேல்ஸில் 1980களில் சில கிராமங்களில் வீடு வீடாகப் போய்ச் சாமான்களுக்குக் குறி போட்டு, "இந்த வீட்டுப் பொருட்கள் குறியிடப்பட்டவை" என்று கதவில் ஸ்டிக்கரும் ஒட்டிப் பார்த்தார்கள். சேர்ந்த வீடுகளில் களவு நன்றாகக் குறைந்தது. எனக்கு அதில் பிடித்த பாடம் ஸ்டிக்கர்தான். பத்திரிகையிலும் பேச்சிலும் அது அடிபட்டதும் வேலை செய்திருக்கிறது. ஒளித்து வைத்த குறி, பிறகு கண்டுபிடிக்க உதவும். கள்ளன் கை வைக்காமல் இருக்க வேண்டுமென்றால் அவன் கண்ணில் படுகிற மாதிரி வடிவாகப் போட வேண்டும். பல்லடம் அண்ணையின் வெல்டிங் எழுத்து அதைத்தான் செய்திருக்கிறது.

இங்கே புற ஊதா விளக்கில் மட்டும் தெரியும் பேனாவால் போஸ்ட்கோடும் வீட்டு எண்ணும் எழுதி வைப்பார்கள். அது காலப்போக்கில் மங்கும், இடைக்கிடை திரும்ப எழுத வேண்டும்.

தங்கச்சி, சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள், பெடல் அச்சுக்குக் கீழே நம்பர் அடித்திருக்கும். அழுக்கைத் துடைத்துவிட்டுப் படம் எடுங்கள். பிரேம் குழாய்க்குள் உங்கள் பேர் எழுதிய தாளைப் பொலித்தீனில் சுற்றி, சீற்றைக் கழற்றி உள்ளே போட்டு வையுங்கள். கள்ளன் அதைத் தேடமாட்டான்.


நகைமதிப்பு_மதுரை:

சங்கிலிக்கு மட்டும் சொல்கிறேன். கொக்கிப் பக்கத்தில் லேசரில் பொறித்த ஹால்மார்க் இருக்கிறதா பாருங்கள்: இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் முக்கோணம், 22 கேரட் தரத்தைக் காட்டும் 22கே916, அப்புறம் ஆறு இலக்கத்தில் எழுத்தும் எண்ணும் கலந்த ஹெச்யூஐடி. 2021 ஜூலையில் வந்தது, 2023 ஏப்ரல் 1க்குப் பிறகு அது இல்லாமல் ஹால்மார்க் நகை விற்கக் கூடாது. ஒவ்வொரு நகைக்கும் தனி எண். பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டால் எந்தக் கடை, எங்கே சோதித்தது, என்ன நகை என்று வரும், ஆனால் உங்கள் பேர் வராது. நகைக்கும் உங்களுக்கும் உள்ள தொடர்பு பில்தான். உருக்கிவிட்டால் எண்ணும் போய்விடும், உண்மை. ஆனால் திருட்டு நகை முதலில் போவது பெரும்பாலும் அடகுக்கு. அங்கே முழுசாகத்தான் இருக்கும், எண் தெரிந்தால் மீட்கலாம். பழைய நகையில் எண் இருக்காது, தராசில் வைத்து எடையோடு போட்டோ எடுங்கள், பற்ற வைத்த இடம், தேய்ந்த இடம் தெரிகிற மாதிரி கிட்டத்தில் ஒன்று.

ஊருக்குப் போகும்போது வீட்டைப் பூட்டிக்கொண்டு போவதை லோக்கல் ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போங்கள், ரோந்து வருகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நிறைய பேர் இதைச் செய்வதில்லை.


வேளச்சேரி_தாமிரா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு பேர் உட்கார்ந்து எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவே இல்லை.

நேற்றே டூப்ளிகேட் சிம் வாங்கினேன், இன்று மத்தியானம் எஸ்எம்எஸ் வர ஆரம்பித்ததும் ஐஎம்இஐ தடைக்கு விண்ணப்பித்துவிட்டேன். கூகுள் பக்கத்தில் எண் அப்படியே இருந்தது அண்ணா. ரூம்மேட்டின் லேப்டாப்புக்கு வாரண்டி பதிவு செய்தபோது கம்பெனியிலிருந்து வந்த மெயிலைத் தேடினோம், ரெண்டு வருஷம் பழைய மெயில், அதில் சீரியல் நம்பர் இருந்தது. அவள் அதைப் பார்த்ததும் அழுதுவிட்டாள், அவள் அப்பா கடன் வாங்கி வாங்கிக் கொடுத்த லேப்டாப் அது. எங்களுக்கு சிஎஸ்ஆர்தான் கொடுத்திருந்தார்கள். வழக்காடி ஐயா சொன்ன மாதிரி நம்பரை எழுதிக் கொடுத்து எஃப்ஐஆர் கேட்டோம், நாளைக் காலை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

ராத்திரி நாலு பேரும் உட்கார்ந்து எல்லாப் பொருளின் அடிப்பக்கத்தையும் போட்டோ எடுத்து ஒரு மெயிலில் போட்டு, எங்கள் நாலு பேருக்கும் எங்கள் வீடுகளுக்கும் அனுப்பினோம். சைக்கிள் நம்பர் பெயிண்டுக்கு அடியில் பாதி மறைந்திருந்தது, சாக்பீஸ் தேய்த்ததும் படிக்க முடிந்தது. அம்மாவிடம் போனில் சங்கிலி பில் எங்கே என்று கேட்டேன், அரிசி டப்பாவுக்கு அடியில் இருக்கிறதாம், ஞாயிற்றுக்கிழமை போட்டோ எடுத்து அனுப்புகிறேன் என்றாள்.

பாத்திரக்கடை அண்ணாவுக்கு ஒரு கேள்வி. வேளச்சேரியிலும் பேர் வெட்டுகிறவர் ஒருவர் இருக்கிறார், ஆனால் லேப்டாப் என்றதும் பயப்படுகிறார். டேப்பிலும் வெட்டலாமா?


பாத்திரக்கடை_மகன்:

அவர் பயப்படுவது நியாயம்தான் தங்கச்சி. லேப்டாப்பை ஷட்டவுன் செய்து கொண்டுபோங்கள், தூங்கும் நிலையில் வேண்டாம். அடிப்பக்கம் பேட்டரி எங்கே இருக்கிறது என்று மாடல் பேரைப் போட்டு நெட்டில் படம் பார்த்துக்கொள்ளுங்கள், அந்த இடத்தையும் காற்றுப்போகும் ஓட்டைகளையும் விட்டுவிட்டுக் கீல் பக்கத்து ஓரத்தில் மேலோட்டமாக வெட்டச் சொல்லுங்கள். அழுத்த வேண்டாம், பாத்திரத்துக்கு வெட்டுகிற ஆழம் தேவையில்லை. வாரண்டி பாக்கி இருந்தால் கம்பெனியில் கேட்டுவிட்டு வெட்டுங்கள். ஆபீஸ் லேப்டாப்பைத் தொடாதீர்கள், அது அவர்கள் பொருள், அதில் அவர்களே ஒட்டிய எண் இருக்கும், அதைக் குறித்துக்கொண்டால் போதும். டேப் வேண்டாம், பின்பக்கம் முழுக்கப் பேட்டரிதான். அதன் கவரில் வெட்டுங்கள், உள்ளே லாக் ஸ்கிரீனில் உங்கள் பேரும் அம்மா நம்பரும் எழுதி வையுங்கள்.